நிற்க ஓர் இடம்

ஓடுகின்ற பொருள் எதுவும் ஓரிடத்தில் நின்றே ஆகவேண்டும். காலையில் வயலுக்குப் போன எருதுக்கு மாலையில் தொழுவம் உண்டு. கடலுக்குப் போன தோணிக்குக் கரை உண்டு. ஆயின் வீதி என்றதும் நம் நினைவுக்கு வருவது ஓட்டம் ஒன்றே. வீதியை அகலமாக்குவது பற்றியும், சந்திகளில் விளக்கு வைப்பது பற்றியும், வேகத்தைக் கட்டுப்படுத்துவது பற்றியும் ஓயாது பேசுகிறோம். ஓடி முடித்த வாகனம் எங்கே நிற்பது என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அது எழும்போது ஒரு சண்டையாகவே எழுகிறது.

துவிச்சக்கர வண்டியை மதிலோடு சாத்திவிடலாம். மோட்டார்க் காரைப் படலையைத் திறந்து வளவுக்குள் விடலாம். பாரமேற்றும் லொறியை என்ன செய்வது? அதனை எந்த வீட்டு வளவும் ஏற்காது. எந்தக் கடைக்காரரும் தம் வாசலில் விரும்பார். அதேவேளை அது கொண்டுவரும் அரிசியும் வெங்காயமும் இன்றி ஒரு நாளும் நம் அடுப்பு எரியாது. லொறியின் வரவை வேண்டுகிறோம், லொறியை வேண்டாமென்கிறோம். பெரிய லொறிகள் நகர வீதிகளில் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கலாகாது என்று விதி செய்யவேண்டிய தேவை இந்த முரண்பாட்டிலிருந்தே பிறக்கிறது. இது பொலிஸாருக்கும் சாரதிகளுக்கும் உரிய காரியம், நமக்கென்ன என்று வாசகர் எண்ணலாம். பாடசாலைக்குப் போகும் பிள்ளையின் உயிரும், நோயாளியின் உறக்கமும், முன்பின் அறியாத ஒரு சாரதியின் கண்விழிப்பும் இதில் அடங்கியிருப்பதை அண்மையில் என் சொந்த ஒழுங்கையிலேயே கண்டேன்.

எங்கள் ஒழுங்கை 14 அடி அகலமானது. ஒரு மாட்டு வண்டில் போக, எதிரே வருபவர் ஒதுங்கி நிற்கப் போதுமென்று முன்னோர் விட்டுவைத்த வழி அது. இரண்டு வருடங்களுக்கு முன் அங்குள்ள வீடொன்றுக்கு ஒரு லொறிச் சாரதி மனைவியோடும் இரு பிள்ளைகளோடும் வாடகைக்கு வந்து சேர்ந்தார். தம்புள்ளைக்கும் எங்கள் நகரத்துக்கும் இடையே மரக்கறி ஏற்றி இறக்குவது அவர் தொழில். லொறி அவருடையதன்று, மொத்த வியாபாரி ஒருவருடையது. வாரத்தில் மூன்று இரவுகள் பத்துச் சில்லுகள் பூண்ட அந்த லொறி எங்கள் ஒழுங்கை முகப்பில் நிற்கத் தொடங்கிற்று.

முதலில் எவரும் வாய் திறக்கவில்லை. பின்னர் வடிகாலை மூடியிருந்த இரண்டு கொங்கிறீற் மூடிகள் பாரந் தாங்காமல் உடைந்தன. விடியற்புறம் மூன்றரை மணிக்கு இயந்திரம் உறுமத் தொடங்கினால், முட்டு நோயால் வருந்தும் ஒரு முதியவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். இவற்றினும் பெரிய இடர் ஒன்றிருந்தது. முகப்பில் லொறி நின்றால் பெருவீதியில் வரும் வாகனம் கண்ணுக்குப் படாது. பிள்ளைகள் அதன் முன்புறத்தைக் கடந்து எட்டிப் பார்த்தே வீதியில் இறங்கவேண்டும். ஒருநாட் காலை நான்காந் தரத்தில் படிக்கும் சிறுவன் ஒருவன் துவிச்சக்கர வண்டியோடு வெளிப்பட்டபோது, விரைந்து வந்த பஸ் மயிரிழையில் அவனைத் தவிர்த்துச் சென்றது. அன்று மாலையே வாசிகசாலையில் கூட்டம் கூடிற்று.

கூட்டத்தின் முடிவு ஒன்றே. மாநகர சபைக்கு மகஜர் அனுப்பி, ‘லொறி நிறுத்தத் தடை’ என்ற பலகையை முகப்பில் நடச் செய்தல் வேண்டும். அதனை எழுதும் பொறுப்பு என்மேல் விழுந்தது. கல்லூரியில் தமிழ் படிப்பிப்பவன் என்றால் திருமண வாழ்த்து, கல்வெட்டு, மகஜர் ஆகிய மூன்றும் அவனுக்கு ஊரார் விதித்த கடமைகள் அல்லவா? ஆயினும் ஒருவர்மீது முறைப்பாடு எழுதுமுன் அவர் சொல்லையும் கேட்பது முறையென்று எண்ணி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.

தேநீர் தந்து உபசரித்துவிட்டு அவர் சொன்னார்: “மாஸ்ரர், நான் ஆசைக்கோ இதிலை கொண்டுவந்து விடுறன்? கடையடியிலை விட்டால் ராத்திரியிலை பற்றரியைக் கழட்டிக்கொண்டு போறாங்கள். டீசலை உறிஞ்சிப் போடுறாங்கள். அந்தக் காசு என்ரை சம்பளத்திலைதான் கழியும். சந்தையடியிலை பத்து மணிக்குப் பிறகு நிக்க விடமாட்டினம். பெரிய றோட்டிலை விட்டால் பொலிஸ் எழுப்பும். நான் எங்கை கொண்டுபோய் விட?”

“லொறிக்குள்ளேயே படுத்துறங்கினால் ஆகாதோ?” என்று கேட்டேன்.

“லொறிக்குள்ளை படுத்தால் இரண்டு மணித்தியாலம், அதுவும் ஒரு கண் திறந்தபடி. வீட்டிலை படுத்தால் ஐஞ்சு மணித்தியாலம். அந்த மூண்டு மணித்தியாலம் இல்லாட்டில் வவுனியா தாண்டேக்கை கண் சொருகும், மாஸ்ரர்.”

வீடு திரும்பி எழுதுகோலை எடுத்தேன். ஒழுங்கையாரின் குறை மெய்; சாரதியின் குறையும் மெய். ஒன்றை எழுதி மற்றதை மறைத்தால் மகஜர் சுருக்கமாக முடியும், முறையாக முடியாது.

இந்த நிலையில் என்னிடம் படித்த ஒருவரின் நினைவு வந்தது. இங்கிருந்து கனடா சென்று ஸ்காபரோவில் வசிக்கும் அவர், ரொறன்ரோவுக்கும் நியூயோர்க்குக்கும் இடையே பதினெட்டுச் சில்லு லொறி ஓட்டுகிறார். தொலைபேசியில் விடயத்தைச் சொன்னதும் சிரித்தார். “சேர், நீங்கள் ஒரு லொறிக்கு மகஜர் எழுதுறியள். நியூயோர்க்கிலை இதுக்கெண்டு பக்கம் பக்கமாய் விதி எழுதி வைச்சிருக்கினம்” என்றார். சில நாட்களில் அந்த விதிகளையும் அனுப்பி வைத்தார். அகராதியும் கையுமாக இரண்டு மாலைப் பொழுதுகள் அவற்றைப் படித்தேன்.

80 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் நெருங்கி வாழும் அந்த நகரத்தின் விதிகளில் என்னை முதலில் கவர்ந்தது சொற்பாகுபாடு. நாம் ‘வாகனம் நிறுத்துதல்’ என்று ஒரே சொல்லால் குறிப்பதை அவர்கள் மூன்றாக வகுத்திருக்கிறார்கள். தரிக்கலாகாது என்று பலகை நட்ட இடத்தில், பொருளையோ ஆளையோ ஏற்றி இறக்கும் அளவுக்கு நிற்கலாம். நிற்கலாகாது என்ற இடத்தில், ஆளை ஏற்றி இறக்கலாம், பொருளை இறக்கப்படாது. நிறுத்தலாகாது என்ற இடத்தில் எந்தக் காரணம் கொண்டும் வண்டி ஓயலாகாது. தொழில் செய்வதற்காக நிற்பது வேறு, தொழில் முடிந்து கிடப்பது வேறு என்னும் நுட்பமான அறிவு இதிலிருக்கிறது. மளிகைக் கடை முன் மூட்டை இறக்கும் லொறியையும், அதே இடத்தில் இரவு முழுதும் கிடக்கும் லொறியையும் ஒரே பலகையால் விரட்டுவது நியாயமாகாதல்லவா?

வர்த்தக வாகனங்களுக்கென்று அங்கே சிறப்பாக மூன்று விதிகள் உண்டு. குடியிருப்பு வீதிகளில் இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை அவை தரிக்கலாகாது என்பது முதலாவது. வேறு விதியில்லாத இடங்களிலும் 3 மணித்தியாலத்துக்கு மேல் தரிக்கலாகாது என்பது இரண்டாவது. இழுத்துச் செல்லும் வண்டியிலிருந்து கழற்றிய இழுவைப் பெட்டியைத் தனியே வீதியில் விட்டுச் செல்லலாகாது என்பது மூன்றாவது.

இம்மூன்றுக்கும் உரிய காரணங்களை எண்ணிப் பார்த்தேன். இரவில் வீதி குடியிருப்போரின் உறக்கத்துக்கு உரியது. ஆதலின் முதலாவது விதி. வீதி எல்லார்க்கும் பொதுவானது, ஒரு வியாபாரியின் பண்டகசாலையன்று, ஆதலின் இரண்டாவது. கழற்றிவிட்ட பெட்டிக்கு விளக்குமில்லை, பார்த்துக்கொள்ள ஆளுமில்லை. இருளில் வரும் மோட்டார்ச் சைக்கிள்காரருக்கு அது சுவரைப் போன்றது; பகலில் குப்பை சேரும் மூலை. ஆதலின் மூன்றாவது. இவற்றுடன், லொறியும் இழுவைப் பெட்டியும் சேர்ந்து 55 அடிக்கு மேற்பட்டால் நகர வீதிகளுக்குள் சாதாரணமாக நுழையவே முடியாது. வீதிகளின் திருப்பங்கள் இடங்கொடாமையே அதற்குக் காரணம்.

மன்ஹற்றனின் வியாபாரப் பகுதியில் இன்னொரு முறையையும் கையாண்டார்கள். பகலில் வீதியோரத்தில் நின்று பொருள் இறக்கும் லொறிகளிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியபோது, ஒரு மணித்தியாலத்துக்கு 2 டொலர், இரண்டுக்கு 5 டொலர், மூன்றுக்கு 9 டொலர் என்று விதித்தார்கள். நேரம் நீள நீளக் கட்டணம் அதனிலும் வேகமாக ஏறும். வந்த வேலையை விரைவில் முடித்துப் போனால் அடுத்தவருக்கு இடம் கிடைக்கும். அபராதத்துக்கு அஞ்சி ஓடுவதிலும் செலவைக் கணக்கிட்டு நகர்வது வியாபாரியின் இயல்புக்குப் பொருந்தியது.

பின்னர் 2009 ஆம் ஆண்டிலும் 2010 ஆம் ஆண்டிலும் வேறொரு பரீட்சையும் நடந்தது. பகல் நெரிசலைக் குறைப்பதற்காக, இரவு 7 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே பொருளை ஏற்றுக்கொள்ளும்படி சில கடைகளுக்குப் பணவுதவி செய்து பார்த்தார்கள். லொறிகள் இடையூறின்றி ஓடின. வீதியோரத்தில் இடமும் எளிதாகக் கிடைத்தது. ஆனால் இரவில் பொருள் இறங்கினால் அந்த ஓசை யாரோ ஒருவர் சன்னலுக்குக் கீழேதானே கேட்கும்? ஆகவே சத்தம் எழாத கருவிகளைப் பற்றியும் யோசிக்கவேண்டியதாயிற்று.

இந்தச் சிக்கல் புதியதன்று. சரித்திரம் படிக்கும் மாணவர்களுக்கு உரோமாபுரியின் கதை தெரிந்திருக்கும். தென் இத்தாலியில் ஹெராக்கிளியா என்னும் பழம்பதியின் அருகே 1732 ஆம் ஆண்டில் வெண்கலப் பட்டயங்கள் கண்டெடுக்கப்பட்டன. யூலியஸ் சீசரின் காலத்தோடு, அதாவது கி. மு. 45 ஆம் ஆண்டளவோடு, சேர்த்துப் பேசப்படும் சட்டம் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சூரியன் உதித்தது முதல் பகலின் பத்தாம் மணி வரை, அஃதாவது மாலை சாயும் வரை, பாரவண்டிகள் நகருக்குள் ஓடலாகாது என்பது அதிலுள்ள விதிகளுள் ஒன்று. கோயில் கட்டும் பொருள்களைக் கொண்டுவரும் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. இரவில் பாரத்தோடு வந்த வண்டி, பகலில் வெறுமையாகவோ நகரத்துக் கழிவை ஏற்றிக்கொண்டோ வெளியே போகவும் விலக்கு உண்டு. வந்தவன் திரும்பிப் போகவேண்டுமே என்பதைச் சட்டம் செய்தவர் மறக்கவில்லை. எனினும் விளைவு யாது? பகலில் வீதி அமைதி பெற்றது; இரவெல்லாம் சில்லுகள் கல்லில் உருண்டன. ஒன்றரை நூற்றாண்டு கழித்து வாழ்ந்த யுவனால் என்னும் புலவர், உரோமாபுரியில் உறங்குவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டும் என்று தம் அங்கதச் செய்யுளில் நொந்துகொண்டார்.

இவற்றைப் படித்து முடித்தபோது ஒன்று தெளிவாயிற்று. நகரம் செய்யும் இத்தகைய விதி தொல்லையை அழிப்பதில்லை. அதனை இடம் மாற்றி வைக்கிறது. பகலிலிருந்து இரவுக்கும், இந்த வீதியிலிருந்து அடுத்த வீதிக்கும் அது தள்ளப்படுகிறது. எல்லாரும் தள்ளிவிட்ட பின்னர் அது கடைசியில் எவர் தலையில் இறங்குகிறது?

இதற்கு விடை என் மாணாக்கரிடமே இருந்தது. அமெரிக்காவில் பாரலொறிச் சாரதி ஒருவர் தொடர்ச்சியாக 10 மணித்தியாலம் ஓய்ந்த பின்னர், 14 மணித்தியால வேளைக்குள் 11 மணித்தியாலம் மட்டுமே ஓட்டலாம். 2017 ஆம் ஆண்டின் இறுதி முதல், லொறியிலேயே பூட்டிய மின்னியற் கருவி ஒன்று அந்த நேரத்தைக் கணக்கிடுகிறது. முன்போல் புத்தகத்தில் மாற்றி எழுதிவிட முடியாது. சாரதியையும் வீதியிற் செல்வோரையும் காக்கும் நல்ல சட்டமே இது. ஆனால் கருவி ‘நில்’ என்று சொல்லும் அதே வேளையில் நகரத்துப் பலகை ‘நில்லாதே’ என்று சொல்கிறது. “சேர், சில நாள் ஆறு மணிக்கே ஓட்டத்தை முடிச்சுப்போட்டு நிப்பன். நேரம் கிடக்கும், ஓடலாம். ஆனால் எட்டு மணிக்குப் போனால் நிக்க இடமிராது. தரிப்பிடமெல்லாம் நிறைஞ்சுபோம்” என்றார் அவர். ஒரு குளிர்காலத்து இரவில், ஏதோ ஒரு நகரத்தின் ஓரத்திலுள்ள தொழிற்சாலை வீதியில் உறங்கியவரைக் கதவில் தட்டி எழுப்பி அப்பால் போகச் சொன்னார்களாம். ஓட்ட நேரம் முடிந்திருந்தது. போனால் ஒரு சட்டத்தை மீறல். நின்றால் மற்றொன்றை மீறல்.

அந்த நாட்டில் இதன் பெயரால் ஓர் உயிர் போன வரலாறும் உண்டு. 2009 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜேசன் என்னும் இளஞ் சாரதி தென் கரோலினாவில் பால் ஏற்றிச் சென்றுகொண்டிருந்தார். இறக்கவேண்டிய இடத்துக்கு நேரத்தோடு வந்துவிட்டதால், காத்திருக்க இடந்தேடி, கைவிடப்பட்ட ஒரு பெற்றோல் நிலையத்தில் லொறியை நிறுத்தி ஓய்வெடுத்தார். அங்கே கொள்ளையன் ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். அவனுக்குக் கிடைத்தது 7 டொலர். அவருடைய மனைவி அப்போது இரட்டைப் பிள்ளைகளைக் கருவில் சுமந்திருந்தார். அந்தப் பெண் மனந்தளராது மூன்றாண்டுகள் முயன்றதன் பயனாக, லொறிகளுக்குப் பாதுகாப்பான தரிப்பிடம் அமைக்க அரசாங்கப் பணத்தைச் செலவிடலாம் என்ற ஏற்பாடு 2012 ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. அதனை இன்றும் ‘ஜேசன் சட்டம்’ என்றே அழைக்கிறார்கள். அச்சட்டத்தின்படி 2019 ஆம் ஆண்டில் எடுத்த கணக்கில், நாடு முழுவதிலும் ஏறத்தாழ 313,000 லொறித் தரிப்பிடங்கள் இருப்பதாகக் கண்டார்கள். விசாரித்த சாரதிகளில் 100 க்கு 98 பேர் பாதுகாப்பான இடம் கிடைப்பது கடினமென்று சொன்னார்கள். செல்வத்தில் முதன்மை பெற்ற நாட்டின் நிலை இது.

நம் முன்னோர் இதனை எவ்வாறு செய்தார்கள் என்று சிறிது திரும்பிப் பார்ப்போம். பாரவண்டியின் வருத்தத்தை அறியாத இனமன்று நம்மினம். மேடு பள்ளத்தில் வண்டி என்னாகுமோ என்று உப்பு வணிகர் கீழே ஒரு சேம அச்சைக் கட்டி வைப்பதைப் புறநானூற்றில் ஔவையார் உவமையாகவே கையாளுகிறார். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வழிகளில் நடப்பவர், வழிப்போக்கன் தங்க மடம், தலைச்சுமையைத் தானே இறக்கி ஏற்றச் சுமைதாங்கி, மாடு நீர் குடிக்கக் கேணி, அது தன் உடலை உராய்ந்து தினவு தீர்க்க ஆவுரஞ்சிக்கல் ஆகியவற்றை இன்றும் ஆங்காங்கே காணலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது மரபு. தன் சுமையை இறக்காமலே போனவளுக்காக, பிறர் சுமை இறக்க ஒரு கல். பருத்தித்துறையில் தெருமூடிமடம் என்று ஒன்று உண்டு. வீதியின் இருபுறமும் திண்ணை. வீதியையே மூடி மேலே கூரை. வண்டிலும் மனிதரும் அதன் நடுவே சென்றார்கள். களைத்தவர் அங்கேயே வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கினார்கள். போகும் வழியும் நிற்கும் இடமும் ஒன்றாகவே அமைக்கப்பட்ட கட்டடம் அது.

மாடு களைக்கும் என்று அக்காலத்தார் அறிந்திருந்தார்கள். அதன் வாயில் நுரை தள்ளுவதைக் கண்ணால் கண்டார்கள். லொறி களைப்பதில்லை, ஆகவே நாம் அதற்கு மடம் கட்டவில்லை. அதற்குள் இருப்பவனின் களைப்பு கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துபோய்விடுகிறது.

நம் நாட்டில் இன்று ஒன்றும் நடைபெறவில்லை என்று சொல்வதற்கில்லை. வீதியில் வாகனங்களின் ஒழுங்குக்கு அடிப்படையாக 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. கொழும்புப் புறக்கோட்டையின் ஒடுங்கிய குறுக்குத் தெருக்களில், நாட்டாமைகள் மூட்டை சுமந்து ஓட, லொறிகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டுவதுபோல் நிற்கும் காட்சியைக் கண்டவர்கள் பலர். அங்கே பன்னெடுங்காலம் இருந்த மெனிங் மரக்கறிச் சந்தைக்குப் பதிலாக, 2020 ஆம் ஆண்டு நவம்பரில் பேலியகொடையில் புதிய சந்தை திறக்கப்பட்டது. அங்கே லொறி நிற்கவும் பொருள் இறக்கவும் இடம் வகுத்தார்கள். தூரம் கூடியதென்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆயினும் ‘புறக்கோட்டையில் நில்லாதே’ என்று பலகை நடுவதோடு நின்றுவிடாமல், வேறோரிடத்தைக் காட்டியமை கவனிக்கத்தக்கது.

நிற்க. மகஜர் எழுதி முடிந்தது. வாசிகசாலையில் அதனை வாசித்துக் காட்டினேன். முதற் பகுதியில், எங்கள் ஒழுங்கையைப் போல ஒடுங்கிய குடியிருப்பு வழிகளிலும் அவற்றின் முகப்புகளிலும் பெரிய லொறிகள் இரவில் தரிக்கலாகாது என்று விதி செய்யும்படி கேட்டிருந்தேன். பகலில் பொருள் இறக்க அரை மணித்தியாலம் விலக்கும் கேட்டிருந்தேன். நாளை எவராவது வீடு கட்டினால் கல்லும் மணலும் வரவேண்டுமே. இரண்டாம் பகுதியில், நகரத்தின் ஓரத்தில் வெறுமையாய்க் கிடக்கும் பொதுக்காணி ஒன்றில் லொறித் தரிப்பிடம் அமைக்கவேண்டும் என்று எழுதியிருந்தேன். விளக்கு, குடிநீர், மலசலகூடம், ஒரு காவலாளி, இவ்வளவே போதும். செலவுக்கு லொறிச் சொந்தக்காரரிடம் இரவுக் கட்டணம் அறவிடலாம்.

இளைப்பாறிய எழுதுவினைஞர் ஒருவர் எழுந்தார். கந்தோர்களின் போக்கு நன்கறிந்தவர். “தம்பி, தடை கேட்டால் ஒரு பலகையோடை காரியம் முடியும், நாளைக்கே தருவினம். இடம் கேட்டால் காணி, காசு, கூட்டம், குழு எண்டு இழுபடும். இரண்டையும் ஒண்டாய்க் கேட்டால் இரண்டும் கிடையாது. முதல்லை பிள்ளையளைப் பார்ப்பம்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பஸ்ஸுக்கு மயிரிழையில் தப்பிய சிறுவனின் தந்தையும் அதனை ஆமோதித்துத் தலையசைத்தார். இன்னொருவர், “வியாபாரிக்கு லாபம், இடம் குடுக்கிறது நாங்களோ?” என்று கேட்டார்.

பின்வரிசையில் சுவரோடு சாய்ந்திருந்த ஓர் ஆச்சி அப்போது வாய் திறந்தார். “இதிலை நிக்கவிடாட்டில் அவன் அங்காலை எங்கையோ நித்திரையில்லாமல் நிப்பான். பிறகு காலமை நித்திரைத் தூக்கத்தோடை ஓடுவான். எதிரிலை வாறது ஆற்றை பிள்ளையெண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார்.

எழுதுவினைஞர் உடனே விடை கூறவில்லை. பின்னர் அவரே ஒரு திருத்தம் சொன்னார். இரண்டு பகுதியும் இருக்கட்டும். தரிப்பிடம் அமையும்வரை ஒழுங்கை முகப்பின் இருபுறமும் 30 அடிக்கு மட்டும் உடனே தடைசெய்யும்படி தனிக் கடிதமொன்றும் எழுதுவோம் என்றார். அவ்வாறே எழுதினோம். வந்திருந்த 31 பேரில் 27 பேர் கையொப்பமிட்டார்கள். நால்வர் மறுத்தார்கள், அவர்களோடு இன்றும் நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். பெருவீதிக்கு அருகே பெரிய வளவுடைய ஒருவர், வாரத்தில் அந்த மூன்று இரவுகளும் லொறியைத் தம் வளவில் விட இசைந்தார். விடியலில் இயந்திரத்தை வளவுக்குள் நெடுநேரம் உறுமவிடக் கூடாதென்பது அவருடைய நிபந்தனை. சொந்தக்கார வியாபாரி மாதந்தோறும் ஒரு சிறு தொகை கொடுக்கிறார். இது நிலையான பரிகாரமன்று. ஒரு மனிதரின் நல்ல மனத்தையும் ஒரு வளவின் அகலத்தையும் நம்பி நகரம் நடவாது. இன்னும் எத்தனையோ ஒழுங்கைகளில் எத்தனையோ லொறிகள் நிற்கின்றன. மகஜருக்குரிய பதிலை எதிர்பார்த்திருக்கிறோம்.

வீட்டிலே இதனை வாசிக்கும் பெற்றோருக்கும் மாணவருக்கும் ஒரு சொல் கூற விரும்புகிறேன். தடை கேட்பது குடிமக்களின் உரிமை. சில இடங்களில் அது கடமையுங்கூட. பிள்ளைகள் நடக்கும் வழியை மறைத்து நிற்கும் லொறியை விலக்கவே வேண்டும். அதில் தயக்கத்துக்கு இடமில்லை. ஆனால் ‘இங்கே நில்லாதே’ என்று எழுதும் கை, ‘அங்கே நில்’ என்றும் எழுதவேண்டும். முதல் வாக்கியத்துக்குச் செலவு குறைவு. ஒரு பலகையும் சிறிது வண்ணமும் போதும். இரண்டாவது வாக்கியத்துக்குக் காணி வேண்டும், பணம் வேண்டும், அவற்றிலும் மேலாக நாம் காணாத ஒருவனின் களைப்பை எண்ணிப் பார்க்கும் மனம் வேண்டும். சுமைதாங்கிக் கல்லை நாட்டியவர்கள் அச்சுமையைச் சுமந்து வரப்போகிறவன் யாரென்று அறிந்து நாட்டவில்லை. அடுத்த முறை உங்கள் நகரத்திலோ ஊரிலோ ஒரு தடைப் பலகை நடப்படுவதைக் கண்டால், மறக்காமல் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கிருந்து எழுப்பப்படுகிறவன் இன்றிரவு எங்கே உறங்குவான்?